ஒரே மெட்டு, மூன்று சொந்தக்காரர்கள்

ஒரு பாட்டைப் பற்றி எழுதப் பேனாவும் காதும் போதும். அதே பாட்டை இன்னொருவரைப் பாடவைத்துப் பதிவு செய்து, எழுதியதோடு சேர்த்து நாலு பேருக்குக் கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டால் கதையே வேறு. அந்த ஆசையில் என் கையைவிட்டுப் போனது, புத்தகத்தின் அச்சுச் செலவைச் சேர்க்காமலே, ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு வருடத்துக்கு மேல் அலைச்சல். நோட்டீஸ் வந்த பிறகு போன தூக்கம் தனிக்கணக்கு. எங்கள் பக்கத்தில் இந்த விஷயம் தெரிந்தவர்கள் யாரும் எனக்குக் கிடைக்கவில்லை. பழைய பாட்டில் பைத்தியமாக இருந்து, கவர் பாடவோ பாடவைக்கவோ நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை வெளியில் எடுங்கள்.

நான் இருப்பது நகரியில். 1960இல் எல்லையை மாற்றி வரைந்தபோது திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நாங்கள் ஆந்திராவிலேயே இருந்துவிட்டோம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். நைனா விசைத்தறி ஓட்டினவர். தறிச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று ரேடியோவை முழுசாகத் திருகி வைப்பார். அவர் "வாராயோ வெண்ணிலாவே" என்று ஆரம்பித்தால் அம்மா உள்ளேயிருந்து "ராவோயி சந்தமாமா" என்று எடுப்பாள். அது இரண்டு படத்துப் பாட்டு என்றே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஒரே பாட்டுக்கு நைனா சொல்லும் வார்த்தை ஒன்று, அம்மா சொல்லும் வார்த்தை ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

வங்கியில் வேலை கிடைத்த பிறகு, சாயந்திரங்களில் ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டு இந்த ஜோடிப் பாட்டுகளை எழுத ஆரம்பித்தேன். தமிழ் முதல் வரி, தெலுங்கு முதல் வரி, பாடியவர், எழுதியவர், இசை. பக்கத்திலேயே எனக்குத் தோன்றியதையும் எழுதுவேன். தமிழில் எங்கே இழுத்துப் பாடுகிறார், தெலுங்கில் எந்த எழுத்து வாயில் உருள்கிறது, பிற்காலத்தில் யார் மேடையில் பாடும்போது எந்தச் சங்கதியை விட்டுவிட்டார், இப்படி. நோட்டுகள் பெருகின.

இந்தத் தேடலில் கிடைத்த சந்தோஷத்தை ஒரு பாட்டிலேயே சொல்லிவிடலாம். 1955இல் வந்த மிஸ்ஸியம்மா, அதே வருடம் அதற்கு இரண்டு நாள் முன்னால் வந்த தெலுங்கு மிஸ்ஸம்மா, இரண்டுக்கும் இசை எஸ். ராஜேஸ்வர ராவ். நிலாவைக் கூப்பிட்டு எங்கள் கதையைக் கேள் என்று சொல்லும் அந்த டூயட்டை இரண்டு மொழியிலும் பாடியவர்கள் ஏ.எம். ராஜாவும் பி. லீலாவும். ராஜா பிறந்தது எங்கள் சித்தூர் ஜில்லா ராமாபுரத்தில். லீலா பிறந்தது பாலக்காட்டுப் பக்கம் இருக்கிற இன்னொரு சித்தூரில். ஆந்திர எல்லைச் சித்தூர்க்காரரும் கேரள எல்லைச் சித்தூர்க்காரரும் சென்னையில் நின்று தமிழிலும் தெலுங்கிலும் பாடியிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்த அன்று வங்கியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். கேஷியர் அண்ணன் மட்டும் "அப்படியா" என்றார், அதுவும் நோட்டு எண்ணிக்கொண்டே.

எது ஒரிஜினல், எது காப்பி என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு பதில் வைத்திருக்கிறேன். இரண்டு மொழியில் ஒரே நேரத்தில் எடுத்த படங்களில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. மெட்டு ஒன்று, பாட்டு இரண்டு. அதே மிஸ்ஸியம்மாவின் "பிருந்தாவனமும் நந்தகுமாரனும்" மெட்டு 1957இல் ஹிந்தி மிஸ் மேரிக்குப் போனது. அங்கே இசை ஹேமந்த் குமார், பாடியவர்கள் லதாவும் ரஃபியும். அதை வேண்டுமானால் மறுபதிப்பு என்று சொல்லலாம். தஞ்சை ராமையாதாஸ் தமிழில் எழுதியதையும் பிங்களி நாகேந்திர ராவ் தெலுங்கில் எழுதியதையும் அப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். இந்தக் கோபம்தான் பிற்பாடு என் செலவுக்கும் காரணமானது, சொல்கிறேன்.

அதற்கு முன்னால், எழுத மட்டும் செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம். பாடியவர் பெயரைக் கேசட் அட்டையிலிருந்து எடுக்காதீர்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கடையில் தொங்கிய பல கேசட்டுகள் வேறு ஆட்களை வைத்துத் திரும்பப் பாடியவை. அப்போதைய சட்டம், முதல் பதிவு வந்து இரண்டு வருடம் கழித்து, உரிமைக்காரருக்கு ராயல்டி கட்டினால் அதற்கு இடம் கொடுத்தது. அட்டையில் கதாநாயகன் படம் பெரிதாக இருக்கும், பாடியவர் பெயர் பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும், சிலதில் அதுவும் இருக்காது. என் முதல் நோட்டில் சில பாட்டுகளுக்கு எதிரே இருந்த பெயர்களைப் பின்னால் மொத்தமாக அடித்துத் திருத்த வேண்டியதாகிவிட்டது. நம்பத்தக்கது படத்தின் டைட்டில், கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகம், இசைத்தட்டின் நடு லேபிள், இந்த மூன்றும்தான். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் எழுதுங்கள். பாட்டுப் புத்தகத்தில் எழுதியவர், இசை பெயர் கிடைக்கும், ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவர் பெயர் எல்லாப் புத்தகத்திலும் கிடைக்காது. திருத்தணியில் பழைய பேப்பர் கடையில் இப்போதும் சில சமயம் மாட்டும், ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க அவசரப்படாதீர்கள்.

டைட்டிலையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது. 1957இன் மாயாபஜாரில் இசை கண்டசாலா என்றிருக்கும். சில மெட்டுகளைப் போட்டுவிட்டு விலகியவர் ராஜேஸ்வர ராவ், மிச்சத்தை முடித்தவர் கண்டசாலா. தேவதாஸ் படத்துக்கு இசை சி.ஆர். சுப்பராமன், ஆனால் 1953இல் படம் வருவதற்கு முன்பே, 1952இல் அவர் காலமாகிவிட்டார். அவரிடம் உதவியாளர்களாக இருந்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும்தான் மிச்ச வேலையை முடித்தார்கள். ரசிகர்கள் இதைச் சுவாரஸ்யத்துக்காகப் பேசுவார்கள். இந்த விவரத்துக்குப் பணத்தோடு சம்பந்தம் இருக்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

நோட்டுகளைப் பார்த்த ஒரு தமிழாசிரியர் புத்தகமாகப் போடச் சொன்னார். எனக்கும் ஆசை. ஆனால் எழுத்தில் சொன்னால் புரியாத இடங்கள் நிறைய. தமிழ் அடி ஒன்று, உடனே அதே மெட்டில் தெலுங்கு அடி ஒன்று என்று கேட்டால்தான் ஒருத்தருக்கு அந்த வித்தியாசம் காதில் விழும். என் சித்தி மகன் கல்யாணக் கச்சேரிகளில் பாடுகிறவன், இரண்டு மொழியும் பழுதில்லாமல் வரும். "அக்கா, நாமளே பாடிப் போட்டுடலாம். புத்தகத்தோட ஒரு பென் டிரைவ் வெச்சிடு" என்றான். ஒரு டஜன் பாட்டு, ஒவ்வொன்றும் தமிழும் தெலுங்கும் மாறி மாறி வரும் மெட்லி. பின்னிணைப்பாக இரண்டு மொழிப் பாடல்களையும் முழுசாக அச்சடித்து எதிரெதிர்ப் பக்கத்தில் வைப்பது. கேட்கவே இனித்தது.

உரிமை வாங்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. யாரிடம் என்பதுதான் தெரியவில்லை. சில இசை நிறுவனங்களுக்குக் கடிதம் போட்டேன், பதில் இல்லை. சென்னையில் எங்கள் பதிவைச் செய்த ஸ்டுடியோக்காரர், லைசென்ஸ் எடுத்துத் தருகிறவர் என்று ஒருவரை அறிமுகப்படுத்தினார். நன்றாகப் பேசினார். "அஞ்சு வருஷம் ஆன பாட்டை யார் வேணும்னாலும் கவர் பண்ணலாம் மேடம், சட்டமே இருக்கு. ராயல்டி கட்டி லைசென்ஸ் வாங்கணும், அவ்வளவுதான். பாட்டு வரியும் அதுலயே வந்துடும்" என்றார். முப்பத்தைந்தாயிரம் கேட்டார், கட்டினேன். ரசீது, முத்திரை, ஜிஎஸ்டி எண், கையெழுத்து எல்லாம் போட்ட காகிதம் வந்தது. ஸ்டுடியோ, வாத்தியக்காரர்கள் எல்லாம் சேர்த்து அறுபத்திரண்டாயிரம். பென் டிரைவ் முந்நூறு வாங்கிப் பாட்டை ஏற்ற முப்பதாயிரம். அச்சுக்கு ஐம்பத்துநாலாயிரம்.

வெளியீட்டுக்கு முன்னால் சில பிரதிகளைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்திருந்தேன். எப்படியோ ஒன்று போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது. ஒரு இசை நிறுவனத்தின் வக்கீலிடமிருந்து பதிவுத் தபால், வங்கி முகவரிக்கே வந்தது. மெட்டையும் வரிகளையும் அனுமதியின்றிப் பயன்படுத்தியது, நஷ்டஈடு, எல்லாப் பிரதிகளையும் ஒப்படைப்பது, தவறினால் காப்புரிமைச் சட்டம் 63ஆவது பிரிவு. அந்தப் பிரிவைத் தேடிப் பார்த்தேன். ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். கை நடுங்கிவிட்டது. வங்கி வேலையில் இருப்பவள் மேல் ஒரு கிரிமினல் வழக்கு என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தபாலை லாக்கர் அறையில் கொண்டுபோய் மறுபடி படித்தேன். வீட்டில் சொல்லவில்லை. பாட்டு பாட்டு என்று அலைந்தவளுக்கு இது வேண்டும் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். சாயந்திரம் ரேடியோவில் பழைய பாட்டு வந்தால் எழுந்துபோய் அணைத்தேன். என் வீட்டுக்காரர் என்ன உடம்பா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

லைசென்ஸ் ஏஜென்டுக்குப் போன் போட்டால் முதலில் "பார்த்துக்கலாம் மேடம்", அப்புறம் எடுக்கவே இல்லை. அவர் கொடுத்த காகிதத்தை ஒரு வக்கீலிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார், பாவம், அடக்க முடியவில்லை போல. அது ஒரு மண்டபத்தில் ஒரு நாள் நிகழ்ச்சியில் பாட்டு பாடுவதற்கான பொது நிகழ்ச்சி லைசென்ஸ். பதிவு செய்வதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பதிவு செய்து பிரதி எடுப்பது ஒரு உரிமை, மேடையில் பாடுவது வேறு உரிமை, வரிகளைப் புத்தகத்தில் அச்சடிப்பது இன்னொன்று. முத்திரை அசல்தான், காரியம்தான் வேறு.

அந்த வக்கீலும் நானும் உட்கார்ந்து படித்ததில் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். நிலத்துக்கு வில்லங்கச் சான்று போடுவது மாதிரி, ஒரு பாட்டுக்கும் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். நம் சட்டத்தில் வரிகள் ஒரு படைப்பு, மெட்டு வேறொரு படைப்பு, ஒலிப்பதிவு மூன்றாவது. ஒலிப்பதிவுக்கு, வெளியான வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து அறுபது வருடம். 1955இல் வந்த தட்டுக்கு 2015 கடைசியோடு முடிந்துவிட்டது. இதைக் கேட்டதும் எல்லாரும் "அப்போ ஃப்ரீதானே" என்பார்கள். இல்லை. வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு, படைத்தவர் காலமான வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து அறுபது வருடம். உரிமை இன்று பட நிறுவனத்திடம் இருந்தாலும் இசை நிறுவனத்திடம் இருந்தாலும் கணக்கு அந்த மரணத்திலிருந்துதான். ராஜேஸ்வர ராவ் 1999இல் காலமானார், ஆகவே அவர் மெட்டு 2059 கடைசி வரை பூட்டியிருக்கும். பிங்களி 1971, அவர் தெலுங்கு வரிகள் 2031 வரை. ராமையாதாஸ் 1965, அவர் தமிழ் வரிகளுக்குக் கணக்கு 2025 வரை. எது ஒரிஜினல் என்ற கேள்வியே கிடையாது என்று நான் கத்திக்கொண்டிருந்த அதே ஜோடிப் பாட்டுக்கு ஒரு மெட்டுக்காரர், இரண்டு கவிஞர்கள், மூன்று தேதிகள். தமிழ்ப் பாட்டுக்கு மட்டும் அனுமதி வாங்கினால் தெலுங்குக்கு ஆகாது. நான் பதிவு செய்தது அத்தனையும் ஜோடி, அதாவது ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று இடத்தில் கேட்டிருக்க வேண்டும். அந்த ஏஜென்ட் ஒரு இடத்தில்கூடக் கேட்கவில்லை.

இப்போது மாயாபஜார் விவரத்துக்கு வாருங்கள். கண்டசாலா 1974இல் போனார், அவர் போட்ட மெட்டு 2034 வரை. அதே படத்தில் ராஜேஸ்வர ராவ் போட்டது 2059 வரை. டைட்டிலில் இருப்பது ஒரு பெயர், நடுவில் இருபத்தைந்து வருட வித்தியாசம். தேவதாஸில் சுப்பராமன் மெட்டு என்றால் 2012 கடைசியோடு முடிந்தது, விஸ்வநாதன் கை வைத்தது என்றால் அவர் 2015இல் போனதால் 2075 வரை ஓடும். வரி வேறு. தெலுங்கு தேவதாசுக்கு எழுதிய சமுத்ராலா ராகவாச்சார்யா 1968, ஆக 2028. பாட்டுக்குப் பாட்டு பார்க்காமல் படத்துக்குப் படம் பார்த்தால் மாட்டிக்கொள்வோம். இதற்கப்புறம் என் நோட்டில் எழுதியவர், இசை இரண்டுக்கும் பக்கத்தில் காலமான வருடத்துக்கு ஒரு கட்டம் போட்டுவிட்டேன். பார்க்க நன்றாக இல்லைதான், ஆனால் பாட்டைத் தேர்ந்தெடுக்க அதுதான் உதவுகிறது.

ஏஜென்ட் சொன்ன ஐந்து வருடச் சட்டம் பொய்யில்லை, பாதி. 2012 திருத்தத்தில் வந்த 31-சி பிரிவு. முன்னால் இரண்டு வருடம் என்றிருந்ததை அப்போதுதான் ஐந்தாக்கினார்கள். முதல் பதிவு வந்த வருடம் முடிந்து ஐந்து வருடம் ஆன பிறகு, உரிமைக்காரர் சம்மதம் இல்லாமலே கவர் பதிவு செய்ய வழி இருக்கிறது. அவர் சொல்லாமல் விட்ட நிபந்தனைகளைப் பாருங்கள். முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அட்டையின் மாதிரியை அனுப்ப வேண்டும், ராயல்டியை முதலிலேயே கட்ட வேண்டும். அதுவும் ஒவ்வொரு பாட்டுக்கும் வருடத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கு. நான் போட்டது முந்நூறு! சிறிய மொழிகளுக்கு இந்த எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது, தமிழும் தெலுங்கும் அந்தக் கணக்கில் வருமா, நீங்களே சொல்லுங்கள். அதோடு, தொழில்நுட்பத்துக்குத் தேவையானதைத் தவிர பாட்டில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது. தமிழ் அடி, தெலுங்கு அடி என்று பின்னிப் பாடினோமே, அந்த யோசனையே அங்கே விழுந்துவிட்டது. பழைய பாடகரின் பெயரோ படமோ அட்டையில் வரக்கூடாது, இது கவர் பதிப்பு என்று எழுதியிருக்க வேண்டும். என் அட்டையின் பின்பக்கம் முழுக்க ராஜாவும் லீலாவும் கண்டசாலாவும்தான். எண்பதுகளின் கேசட் அட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த நிபந்தனை ஏன் வந்தது என்று புரியும், அதில் எனக்கு வருத்தமில்லை. 50,000தான் கொடுமை. பெரிய கம்பெனிக்குப் போட்ட வேலி, வீட்டில் பாடுகிறவன் காலையும் சேர்த்துக் கட்டுகிறது.

ஆக, சின்ன அளவில் செய்கிறவர்களுக்கு நடைமுறையில் இருக்கும் வழி, உரிமைக்காரரிடம் நேரடியாக எழுத்தில் அனுமதி வாங்குவது ஒன்றுதான். அந்தக் கடிதத்தில் பாட்டின் பெயர், படம், மொழி, வரியா மெட்டா இரண்டுமா, எந்த வடிவத்தில், எத்தனை பிரதி, எத்தனை வருடம், கொடுப்பவருக்கு அந்த உரிமை எப்படி வந்தது, இவ்வளவும் இருக்க வேண்டும். "அனைத்துப் பாடல்களுக்கும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிய காகிதத்தை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். ஏஜென்டுக்கு முன்பணம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், நிறுவனத்தின் கடிதம் வந்த பிறகு மீதி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பணத்தை வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள். நான் வங்கி வழியாக அனுப்பியிருந்ததால்தான் பின்னால் அவரைப் பிடித்துக் கேட்க முடிந்தது.

நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அந்த முதல் வாரத்தில்தான் மனசு உடைகிறது. பதில் போடாமல் இருக்காதீர்கள். நீங்களே போனில் பேசி மன்னிப்புக் கேட்டு எதையும் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், நோட்டீஸில் கொடுத்த கெடுவுக்குள் வக்கீல் வழியாக எழுதுங்கள். நம் ஊர் நகரிதானே, சென்னைக்காரர் இங்கே வந்தா வழக்குப் போடப் போகிறார் என்று நினைக்க வேண்டாம். காப்புரிமை வழக்கை, போடுகிறவர் தன் தொழில் நடக்கும் ஊரிலேயே போட 62ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. என் வக்கீல் ஏஜென்டின் காகிதம், பணம் போன வங்கி விவரம், விற்பனை ஆரம்பிக்கவில்லை என்பதற்கு அச்சக ரசீது, எல்லாவற்றையும் இணைத்துப் பதில் எழுதினார். பென் டிரைவ்களை அழித்துவிட்டோம், பின்னிணைப்பை எடுத்துவிட்டோம் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தோம். அவர்கள் அதோடு விட்டார்கள். வக்கீலுக்குப் பதினெட்டாயிரம். முந்நூறு புத்தகத்திலும் பின்னிணைப்பை வெட்டி எடுத்துத் திரும்ப பைண்டிங் போடப் பன்னிரண்டாயிரம். பைண்டிங் கடையில் அந்தப் பக்கங்கள் கத்தை கத்தையாகக் கீழே விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் வெளியே வந்து டீ குடித்தேன்.

வீட்டுக்காரரிடம் அப்புறம்தான் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ராத்திரி ராத்திரி தனியா உட்கார்ந்திருக்க வேண்டாமே" என்றார், அவ்வளவுதான். மறுநாள் அவரே ஏஜென்டின் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்து பத்தாயிரம் திரும்ப வாங்கி வந்தார். மிச்ச இருபத்தைந்தாயிரத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம்.

கட்டுரைகளில் ஒரு வரிகூட எடுக்க வேண்டியிருக்கவில்லை. விமர்சனத்துக்கும் திறனாய்வுக்கும் நியாயமான அளவில் மேற்கோள் காட்ட 52ஆவது பிரிவு இடம் தருகிறது. நாலு வரி வரை போடலாம், எட்டு வரி வரை போடலாம் என்று ஊரில் சொல்வதெல்லாம் சட்டத்தில் கிடையாது. எந்த வரியைப் பற்றிப் பேசுகிறீர்களோ அதை மட்டும் காட்டுங்கள், எழுதியவர் பெயரைச் சொல்லுங்கள். பாட்டு முழுசையும் அச்சடித்துவிட்டுக் கீழே இரண்டு வரி பாராட்டு எழுதினால் அது விமர்சனம் ஆகாது. வரிகளைத் தாராளமாகப் போட்டுப் பழக வேண்டுமென்றால் பட்டுக்கோட்டையார் இருக்கிறார். தமிழக அரசு 1993இல் அவர் பாடல்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. அவர் 1959இல் போனவர், அந்தக் கணக்கிலும் முடிந்துவிட்டது. ஆனால் நாட்டுடைமை ஆனது வரிகள்தான். மெட்டுப் போட்டவர் யார் என்று பார்க்காமல் பாடிப் பதிவு செய்துவிடாதீர்கள். இப்போது என் கண் ஜி. ராமநாதன் மேல் இருக்கிறது. அவர் 1963இல் காலமானார், அவர் மெட்டுகளுக்கு 2023 கடைசியோடு காலம் முடிந்தது. அவர் மெட்டில் பட்டுக்கோட்டையார் வரி என்று எந்தெந்தப் பாட்டு இருக்கிறது என்று பாட்டுப் புத்தகங்களை வைத்துக்கொண்டு பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சித்தி மகன் பதிவுகள் என் மேஜை டிராயரில் ஒரே ஒரு பிரதி இருக்கின்றன, நானும் அவனும் கேட்க. அவனுக்குத்தான் வருத்தம் தீரவில்லை. "அக்கா, மேடையில பாடினா தப்பா?" என்று கேட்டான். டிக்கெட் போட்டு நடத்தும் கச்சேரி என்றால் நடத்துகிறவர் லைசென்ஸ் எடுக்கத்தான் வேண்டும். கோயில் சடங்கிலும் கல்யாணத்திலும் பாடுவதற்கு அதே 52ஆவது பிரிவில் விலக்கு இருக்கிறது. கல்யாணத்தையொட்டிய ஊர்வலம், கொண்டாட்டம் எல்லாம் அதில் அடக்கம். மண்டபக்காரர்கள் சிலர் அப்படியும் லைசென்ஸ் கேட்பார்கள், அந்தப் பிரிவை அச்சடித்துப் பையில் வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் புத்தூரில் ஒரு கல்யாணம். பெண் வீடு தமிழ், மாப்பிள்ளை வீடு தெலுங்கு. நாங்கள் பின்னி வைத்த மெட்லியை அங்கே முழுசாகப் பாடப்போகிறானாம், கீபோர்டுக்காரரிடம் சுருதியெல்லாம் பேசிவிட்டான்.